பில் கூடுதலாக வந்தால் பேசாமல் இருக்கலாமா?

விசுவமடுவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான்: சங்கம் நெற்களஞ்சியம் ஒன்று கட்டுகிறது. கொந்திராத்துக்காரர் மூன்று பில் கொடுத்துக் காசும் எடுத்துவிட்டார். இந்த மாதம் 3ஆம் திகதி நாலாவது பில் வந்திருக்கிறது, 42 இலட்சம் ரூபா. தொகை கூடிப்போச்சு என்று நிர்வாகசபைக்குச் சரியான கோபம். "பதிலே போடாதீங்கோ, அவர் தானாக இறங்கி வருவார்" என்கிறார் தலைவர். தலைவரின் மகன் சிட்னியில் இருக்கிறார். "அங்கே பத்து நாளுக்குள் பதில் போடாவிட்டால் கேட்ட முழுக் காசையும் கட்டவேணும்" என்று அவர் வைபரில் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். இங்கேயும் அப்படித்தானா, என்ன பதில் எழுதுவது என்பது கேள்வி.

தம்பி, தலைவரும் பாதி பிழை, மகனும் பாதி பிழை. ஆனால் இரண்டு பேரில் ஒருவர் பேச்சைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் மகன் பேச்சைக் கேளுங்கள்.

நான் கிளிநொச்சியில் ரீ.ஓ.வாக (தொழில்நுட்ப உத்தியோகத்தராக) இருந்து, பிறகு சிட்னியில் ஒரு கட்டடக் கம்பனியில் கியூ.எஸ். (கட்டட அளவும் விலையும் கணக்குப் பார்க்கிற) வேலை செய்து, இப்போது பரந்தனில் வந்து இருக்கிறவன். பில் கொடுக்கிற பக்கமும் நின்றிருக்கிறேன், வெட்டுகிற பக்கமும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் மகன் சொன்னது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1999இல் கட்டுமானத் தொழிலுக்கென்று ஒரு கொடுப்பனவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. காரணம் எங்களுக்கும் பழக்கமானதுதான். மேலே இருக்கிறவர் காசைப் பிடித்து வைத்தால் கீழே கம்பி கட்டுகிறவர், ரைல்ஸ் ஒட்டுகிறவர் எல்லாரும் முழுகிப்போவார்கள். வழக்குப் போட்டு முடிவதற்குள் கடை பூட்டிவிடும். ஆகவே அந்தச் சட்டம் சொல்கிற வழி, முதலில் கட்டு, பிறகு சண்டை பிடி. பில் கையில் கிடைத்து 10 வேலைநாளுக்குள் எதிர்ப்பக்கம் எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும். ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த நாள் இருந்தால் அந்த நாளுக்குள். பதிலில் மூன்று விஷயம் கட்டாயம்: எந்தப் பில்லுக்கான பதில், எவ்வளவு கட்டப்போகிறோம், குறைத்திருந்தால் ஏன் குறைத்தோம். பதில் போகாவிட்டால் கேட்ட தொகை முழுவதும் கடனாகிவிடும். அவர் நேரே நீதிமன்றம் போகலாம். அங்கே நின்று "வேலை பிழை, சுவர் வெடிப்பு" என்று எதிர்க்கோரிக்கை வைக்க முடியாது. அதெல்லாம் காசைக் கட்டியபிறகு வேறு வழக்காகப் பேசவேண்டியது.

இது எவ்வளவு கடுமை என்று நான் நேரில் பார்த்தேன். நாங்கள் வேலை செய்த கம்பனிக்குக் கிறிஸ்மஸுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு துணைக் கொந்திராத்துக்காரரின் பில் மின்னஞ்சலில் வந்தது. எல்லாரும் விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு நின்ற நேரம். அந்தச் சட்டத்தில் டிசம்பர் 27 தொடக்கம் 31 வரை வேலைநாளாகக் கணக்கில்லை, பொது விடுமுறை நாள்களும் கணக்கில்லை. அதை நம்பி ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஜனவரி நடுப்பகுதியில் கந்தோர் திறந்து எண்ணிப் பார்த்தபோது பத்தாவது நாள் போய் இரண்டு நாளாகியிருந்தது. அந்தப் பில்லில் மூன்றில் ஒரு பங்கு ஊதிப் பெருப்பித்த கணக்கு என்று எனக்குத் தெரியும், என் முதலாளிக்கும் தெரியும். முழுவதையும் கட்டினோம். பிறகு திருப்பி எடுக்க வழக்குப் போடலாமா என்று யோசித்து, சட்டத்தரணி சொன்ன செலவைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இந்தச் சட்டம் முந்தித் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டுவிக்கிறவர்களைத் தொடாது. 2021 மார்ச் 1 தொடக்கம் செய்கிற ஒப்பந்தங்களில் அவர்களையும் பிடிக்கிறது. சிட்னியில் வீடு கட்டுகிற எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. மகனிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. மலேசியாவில் 2012இல் ஒரு சட்டம் இயற்றி 2014 ஏப்ரல் 15இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயும் பதில் எழுத 10 வேலைநாள்தான். ஆனால் பதில் எழுதாவிட்டால் முழுப் பில்லையும் மறுத்ததாகக் கருதுவார்கள். சிட்னியில் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகும், கோலாலம்பூரில் பேசாமல் இருந்தால் மறுத்ததாகும். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற ஆட்கள் "அங்கே இப்படி" என்று சொல்லும்போது எந்த அங்கே என்று கேட்பது நல்லது.

சரி, விசுவமடுவுக்கு வருவோம். இலங்கையில் இப்படிப் பத்து நாள் சட்டம் இல்லை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. கட்டட வேலைகளைப் பார்க்கிற அரச நிறுவனம், முந்தி இக்ராட் (ICTAD) என்று சொன்னது, அதற்குப் பிறகு சீடா (CIDA) ஆனது. அவர்கள் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களைத்தான் அரச வேலைகளிலும் சங்க வேலைகளிலும் பாவிக்கிறோம். ஆகவே உங்களுக்குச் சட்டம் என்பது நீங்கள் கையெழுத்து வைத்த அந்தப் பத்திரம்தான். நீங்கள் அனுப்பிய பக்கத்தில், பில் கிடைத்து 14 நாளுக்குள் சங்கம் அதைப் பார்த்து எவ்வளவு கொடுக்கலாம் என்று சான்றுப்படுத்தவேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. 3ஆம் திகதி வந்தது. அப்படியானால் 17ஆம் திகதி கடைசி.

அந்த நாள் கடந்தால் 42 இலட்சமும் தானாகக் கடனாகாது. தலைவர் சொன்னதில் உண்மை அந்தளவுதான். மிச்சத்தைக் கேளுங்கள். எங்கள் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. சரவணமுத்து எதிர் டி மெல் என்ற 1948ஆம் ஆண்டு வழக்கு ஒன்று இன்றைக்கும் எங்கள் சட்டத்தரணிகள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது. வியாபார விஷயத்தில் ஒருவர் "இப்படித்தான் நடந்தது" என்று கடிதம் எழுதினால், அதை ஏற்காதவர் பதில் எழுதி மறுக்கவேண்டும். மறுக்காமல் விட்டால் அதை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக நீதிமன்றம் எடுக்கலாம். பில்லும் அப்படி ஒரு கடிதம்தான்: "நான் 310 சதுர மீற்றர் சுவர் கட்டினேன்" என்று அவர் எழுத்தில் சொல்கிறார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் "280தான்" என்று சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற ஒரு கேள்வியோடு உங்கள் ஆள் நெளிவார்.

இழுத்தடித்தால் பழசாகிப் போய்விடும் என்றும் நினைக்கவேண்டாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது. எழுத்தில் ஒன்றுமில்லாமல் செய்த வேலைக்கூலிக்கு ஒரு வருடம்தான் என்று காலாவதிக் கட்டளைச்சட்டம் சொல்லும். உங்களிடம் கையெழுத்திட்ட பத்திரம் இருக்கிறதே.

இப்போது பில்லைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பியதில் ஐந்து உருப்படி.

கல்லுச் சுவர், 310 சதுர மீற்றர், மீற்றர் 4,500 ரூபா வீதம் 13,95,000. இதில் இரண்டு பெரிய உருளைக் கதவு வாசலும் யன்னல் வாசல்களும் கழிக்கப்படவில்லை என்று உங்கள் ஓவசியர் சொல்கிறார். பி.ஓ.கியூ.வின், அதாவது ஒப்பந்தத்தோடு இருக்கிற அளவு விலைப் பட்டியலின், முகப்புரையில் வாசல்கள் கழிக்கப்படும் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கிறது என்றால் அளவுநாடா பேசட்டும். வாசல்கள் 30 சதுர மீற்றர் வருகின்றன, மிச்சம் 280. 12,60,000. இதற்குத் தனியே போய் அளக்காதீர்கள். அவருக்கு ஒரு நாள் சொல்லி, இரண்டு பக்கமும் சேர்ந்து அளந்து, அளவுச்சிட்டையில் இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அவர் வராவிட்டால், வரச்சொல்லிக் கொடுத்த கடிதத்தின் பிரதியை அளவுச்சிட்டையோடு சேர்த்து வையுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி சேர்ந்து அளக்கும்போதே முடிந்துபோனவை. நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது 310 என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும்.

கூரைக் கம்பிச் சட்டமும் தகரமும் 16,50,000. வேலை முடிந்துவிட்டது, அளவும் சரி என்கிறீர்கள். அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கிற சபை எல்லா உருப்படியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டினால்தான் நியாயம் என்று நினைக்கும். சரியானதைச் சரி என்று எழுதினால்தான் மற்றதைப் பிழை என்று சொல்லும்போது மதிப்பிருக்கும்.

மூன்றாவதுதான் சிக்கல்: அத்திவாரத்தை ஆழமாக்கியது, 4,80,000. கிடங்கு வெட்டியபோது வயற்பக்கக் களி வந்தது, தலைவர் வந்து பார்த்து "இன்னும் இரண்டு அடி இறக்குங்கோ" என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் இல்லை. ஒப்பந்தத்திலோ மேலதிக வேலைக்கு எழுத்துக் கட்டளை வேண்டும் என்று இருக்கிறது. சபையில் சிலர் இதை வைத்து ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்கிறார்கள் போல. என் அபிப்பிராயம் வேறு. சொன்னவர் சங்கத் தலைவர். வேலை நடந்தது. சங்கத்தின் களஞ்சியம் அந்த ஆழத்தில்தான் நிற்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் மறுத்தால் வழக்கில் வெல்லுவீர்களோ தோற்பீர்களோ, ஊரில் தோற்பீர்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர் போட்ட விலைக்கு அல்ல. பி.ஓ.கியூ.வில் வெட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் ஏற்கெனவே விலை இருக்கிறது. அந்த விலையில் உங்கள் ஓவசியர் கணக்குப்போட்டு 3,10,000 என்று எடுத்திருக்கிறார். அதைக் கொடுங்கள். கூடவே, இனிமேல் எழுத்துக் கட்டளை இல்லாமல் மேலதிக வேலை செய்தால் காசு இல்லை என்று ஒரு வரி சேருங்கள். தலைவருக்கும் அந்தக் கடிதத்தின் ஒரு பிரதி போகட்டும்.

சீமெந்து, கம்பி விலையேற்றம் 3,75,000. 2022இல் சீமெந்துப் பை ஒரே வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிப் போன காலத்தில் பல கொந்திராத்துக்காரர்கள் வேலையை அரைகுறையில் விட்டுவிட்டு ஓடினார்கள், நியாயமும் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பில்லிலும் ஒரு "விலையேற்றம்" தொற்றிக்கொண்டு வருகிறது. விலையேற்றம் கொடுக்கிற ஒப்பந்தம் என்றால் அதில் சூத்திரம் இருக்கும், சீடா மாதாமாதம் வெளியிடுகிற விலைச்சுட்டெண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கவேண்டும். உங்கள் பத்திரத்தில் அந்த வாசகம் இல்லை, நிலையான விலை என்றே இருக்கிறது. பூச்சியம். அவருக்கு உண்மையாகவே நட்டம் என்று சபை நினைத்தால் பிறகு தனித் தீர்மானம் எடுத்து உதவலாம். பில்லுக்குள் அதைக் கலந்தால் அடுத்த பில்லிலும் உரிமையாகக் கேட்பார்.

கடைசியாக வளவில் கிடக்கிற கம்பிக்கும் தகரத்துக்கும் 3,00,000. பொருத்தாத சாமானுக்குக் காசு கொடுக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. இன்றைக்கு வளவில் கிடக்கிற கம்பி நாளைக்குத் தருமபுரத்தில் வேறு வேலைக்குப் போகாது என்று யார் பிணை நிற்பது? இதுவும் பூச்சியம். பொருத்தினால் அடுத்த பில்லில் வரும் என்று எழுதுங்கள்.

ஆக, ஏற்றது 32,20,000. இதோடு கணக்கு முடியவில்லை. அவர் பில்லில் இரண்டு கழிவுகளை வசதியாக மறந்துவிட்டார். ஒன்று, பத்து வீதம் பிடித்து வைக்கிற பணம்: 3,22,000. வேலை முடிந்ததும் பாதி, பழுது பார்க்கும் காலம் முடிந்ததும் மிச்சம் என்று அது அவருக்கே திரும்பிப் போகும், அதை எழுத்தில் ஞாபகப்படுத்துங்கள். மற்றது தொடக்கத்தில் வாங்கிய முற்பணம். ஒவ்வொரு பில்லிலும் இருபது வீதம் கழிப்பதாக ஒப்பந்தம்: 6,44,000. இரண்டையும் கழித்தால் கொடுக்கவேண்டியது 22,54,000 ரூபா.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த இடம் விளங்குவதில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா படிப்படியாக வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு படி முடிந்தால் அடுத்த படிக்கான காசு. அது நல்ல முறைதான், ஆனால் அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பில் என்றாலும் "நாலாவது படிக்காசு" என்றே தெரிகிறது. அளந்து, விலை போட்டு, பழைய கழிவுகளைப் பார்க்கிற கணக்கு வேறு. சபைக் கூட்டத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் இலக்கங்களை வாசியுங்கள். இல்லாவிட்டால் 42 இலட்சம் 22 ஆனதைப் பார்த்து "பாதிக்குப் பாதி ஏமாற்ற வந்தான்" என்று ஊரெல்லாம் கதை போகும். அவர் கூட்டிக் கேட்டது 9,80,000. மிச்சம் 9,66,000 இந்தப் பில்லில் கழிக்காமல் விட்ட பணம். இரண்டும் ஒன்றல்ல.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படித் தொடங்குங்கள்:

"உங்கள் 4ஆம் இலக்கப் பில் இந்த மாதம் 3ஆம் திகதி கிடைத்தது. நீங்கள் கோரிய தொகை 42,00,000 ரூபா. சங்கம் சான்றுப்படுத்தும் தொகை 22,54,000 ரூபா. வித்தியாசத்துக்கான காரணங்கள் இணைப்பில் உருப்படி வாரியாகத் தரப்பட்டுள்ளன. சேர்ந்து அளந்த அளவுச்சிட்டையின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது."

இணைப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் கேட்டது, ஏற்றது, காரணம், ஒப்பந்தத்தின் எந்த வாசகம் என்று எழுதுங்கள். "வேலை திருப்தியில்லை" என்பது காரணம் ஆகாது. எந்தச் சுவர், எந்த இடம், எவ்வளவு நீளத்துக்கு வெடிப்பு, திருத்த எவ்வளவு செலவு என்று சொன்னால்தான் காரணம். உங்கள் கடிதத்தில் பூச்சு வெடிப்பைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை வைத்து இந்தப் பில்லில் வெட்டவேண்டாம், பூச்சுக்கான காசு மூன்றாம் பில்லிலேயே போய்விட்டது. தனிக் கடிதத்தில் இன்ன நாளுக்குள் திருத்தித் தரும்படி கேளுங்கள். திருத்தாவிட்டால் பிடித்து வைத்த பணம் எதற்கு இருக்கிறது? தாமதத்துக்குத் தண்டம் என்று தலைவர் சொன்னதையும் விடுங்கள். ஒப்பந்தத்தில் நாளுக்கு இவ்வளவு என்று தொகை எழுதப்படவில்லை.

எல்லாக் காரணத்தையும் இந்த முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். சிட்னியில் முதல் பதிலில் சொல்லாத காரணத்தை நடுவரிடம் புதிதாகக் கொண்டுபோக முடியாது, சட்டமே தடுக்கும். இங்கே அப்படித் தடையில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காரணம் கண்டுபிடிக்கிற சங்கத்தை இணக்கசபையில் இருக்கிற பெரியவரும் நம்பமாட்டார், நீதிபதியும் நம்பமாட்டார்.

கடிதத்தை வைபரில் படம் பிடித்து அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். கையில் கொடுத்துப் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்பந்தத்தில் இருக்கிற முகவரிக்குப் பதிவுத்தபால். அப்புறம் முக்கியமானது: 22,54,000க்கான காசோலையும் ஒப்பந்தம் சொன்ன நாளில் போகவேண்டும். ஏற்றுக்கொண்ட காசையும் பிடித்து வைத்துக்கொண்டு ஏற்காத காசுக்குச் சண்டை பிடிக்கிறதுதான் எங்கள் ஊரில் வேலைகள் நின்றுபோவதற்குக் காரணம். அவரும் கம்பிக்கடைக்குக் கடன், மேசன்மாருக்கு வாரக்கூலி. களஞ்சியம் அரைகுறையில் நின்றால் மாரிக்கு நனையப்போவது உங்கள் நெல்.

அவர் ஏற்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பத்திரத்தின் பின்பக்கத்தில் பிணக்கு என்ற தலைப்பில் முதலில் பேச்சு, பிறகு நடுவர் என்று இருக்கும். நடுத்தீர்ப்புக்குப் போகிறதென்றால் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கும், அதற்குச் செலவு உண்டு. பத்து இலட்சத்துக்குள் இருக்கிற வித்தியாசத்துக்கு இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு ஓய்வுபெற்ற பொறியியலாளரை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பிடித்து, களத்தைக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்பது மலிவு. அத்திவார உருப்படியில் மட்டும்தான் உண்மையான வாதம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் அவர் 3,60,000 வரை கேட்டால் நான் என்றால் கொடுத்துவிடுவேன்.

இன்றைக்கு 9ஆம் திகதி. நாளைக்கே அவருக்குக் கடிதம் கொடுத்து 12ஆம் திகதி சேர்ந்து அளக்க வரச்சொல்லுங்கள். அளந்த மறுநாள் இணைப்பை எழுதி எனக்கு ஒருக்கால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். 15ஆம் திகதி சபையில் வைத்தால் 16ஆம் திகதி அவர் கையில் கொடுக்கலாம்.